இருபடிப் பல்லுறுப்புக்கோவையும் அதன் வரைபடமும்

இருபடிப் பல்லுறுப்புக்கோவை என்பது, மாறியின் மிக உயர்ந்த அடுக்கு இரண்டாக அமைந்த பல்லுறுப்புக்கோவை ஆகும். அதன் மதிப்புகளை வரைபடத்தாளில் குறித்து இணைத்தால் கிடைக்கும் வளைகோடு பரவளையம் எனப்படும். உயர்நிலைப் பள்ளி இயற்கணிதத்தில் காரணிப்படுத்துதல், வர்க்கப் பூர்த்தி, சூத்திரம், வரைபடம் ஆகிய நான்கும் பெரும்பாலும் தனித்தனிப் பயிற்சிகளாகவே கற்பிக்கப்படுகின்றன. இதனால் நான்கும் ஒரே பொருளைப் பற்றியவை என்பது மாணவர் பலருக்குப் புலப்படுவதில்லை. ஒரே கோவையை மூன்று வடிவங்களில் எழுதலாம். ஒவ்வொரு வடிவமும் வரைபடத்தின் ஒவ்வொரு கூறை வெளிப்படையாகக் காட்டும். கேள்விக்கு ஏற்ற வடிவத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தால் இப்பகுதியில் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவே.

இக்கட்டுரையில் மாறி 'ம' என்ற எழுத்தாலும், மாறிக்கு ஓர் எண்ணைக் கொடுக்கும்போது கோவைக்குக் கிடைக்கும் மதிப்பு 'ப' என்ற எழுத்தாலும் குறிக்கப்படுகின்றன. பாடநூல்களில் எக்ஸ், வை என்று வருபவை இவையே. ம கிடை அச்சிலும் ப நிலைக்குத்து அச்சிலும் குறிக்கப்படும்.

பல்லுறுப்புக்கோவை

ஒரு மாறியின் அடுக்குகளை எண்களால் பெருக்கி, அவற்றைக் கூட்டியோ கழித்தோ பெறும் கோவை பல்லுறுப்புக்கோவை ஆகும். அடுக்குகள் 0, 1, 2, 3 போன்ற குறையற்ற முழு எண்களாக இருக்க வேண்டும். எனவே ம² − 6ம + 5 ஒரு பல்லுறுப்புக்கோவை. 1/ம, √ம ஆகியவை பல்லுறுப்புக்கோவைகள் அல்ல. கூட்டல் கழித்தல் குறிகளால் பிரிக்கப்படும் பகுதிகள் உறுப்புகள் எனவும், மாறியைப் பெருக்கும் எண் கெழு எனவும், மாறி இல்லாத உறுப்பு மாறிலி எனவும், மிக உயர்ந்த அடுக்கு கோவையின் படி எனவும் அழைக்கப்படும். படி 1 எனில் ஒருபடிக் கோவை. அதன் வரைபடம் நேர்கோடு. படி 2 எனில் இருபடிக் கோவை. படி 3 எனில் முப்படிக் கோவை.

கூட்டும்போதும் கழிக்கும்போதும் ஒத்த உறுப்புகளை மட்டுமே சேர்க்க முடியும். ம² உடன் ம-ஐக் கூட்டினால் ம² + ம என்றே நிற்கும். அது ம³ ஆகாது. பெருக்கும்போது ஒரு கோவையின் ஒவ்வோர் உறுப்பும் மற்றதன் ஒவ்வோர் உறுப்பையும் பெருக்க வேண்டும். இது புதிய விதி அன்று. தொடக்கப் பள்ளியில் கற்ற பெருக்கலே. 23 என்பது 2 பத்தும் 3 ஒன்றும். 12 என்பது 1 பத்தும் 2 ஒன்றும். பத்துக்குப் பதிலாக ம என்று எழுதினால்,

(2ம + 3)(ம + 2) = 2ம² + 4ம + 3ம + 6 = 2ம² + 7ம + 6

என்று கிடைக்கும். இதில் ம = 10 எனப் பிரதியிட்டால் 200 + 70 + 6 = 276. இதுவே 23 × 12-இன் விடை. விரித்து எழுதிய ஒரு கோவை சரிதானா என்று ஐயம் எழுந்தால், மாறிக்கு ஏதேனும் ஓர் எண்ணைக் கொடுத்து இருபுறமும் சமமா என்று பார்க்கலாம். சமமாக இல்லையெனில் விரிவில் பிழை இருப்பது உறுதி.

காரணித் தேற்றம்

ஒரு பல்லுறுப்புக்கோவையை (ம − 2) ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதி, அக்கோவையில் ம = 2 எனப் பிரதியிட்டால் கிடைக்கும் மதிப்புக்குச் சமம். இது மீதித் தேற்றம் எனப்படும். 2-க்குப் பதில் எந்த எண்ணை எடுத்தாலும் இது பொருந்தும். காரணம் எளிது: கோவை = (ம − 2) × ஈவு + மீதி. இதில் ம = 2 எனில் முதற்பகுதி பூச்சியமாகி, மீதி மட்டும் எஞ்சும். அம்மதிப்பும் பூச்சியமானால் மீதி இல்லை; அதாவது (ம − 2) அக்கோவையின் காரணி. இது காரணித் தேற்றம்.

இத்தேற்றமே இயற்கணிதத்தையும் வரைபடத்தையும் இணைக்கும் பாலம். கோவையின் மதிப்பைப் பூச்சியமாக்கும் எண்கள் அதன் பூச்சியங்கள் எனப்படும். கோவையைப் பூச்சியத்துக்குச் சமப்படுத்திச் சமன்பாடாக எழுதும்போது அவையே சமன்பாட்டின் மூலங்கள். வரைபடத்தில் அவை வளைகோடு கிடை அச்சைச் சந்திக்கும் இடங்கள். காரணி, பூச்சியம், மூலம், வெட்டுமிடம் என்று நான்கு பெயர்கள் இருந்தாலும் செய்தி ஒன்றே.

ஒரே கோவை, மூன்று வடிவங்கள்

எடுத்துக்காட்டாக ஒரு கோவையை எடுத்துக்கொள்வோம். கீழுள்ள மூன்றும் ஒன்றுக்கொன்று சமம். விரித்துப் பார்த்து உறுதி செய்யலாம்.

விரிந்த வடிவம்: ப = ம² − 6ம + 5
காரணி வடிவம்: ப = (ம − 1)(ம − 5)
முனை வடிவம்: ப = (ம − 3)² − 4

விரிந்த வடிவத்தில் ம = 0 எனில் ப = 5 என்பது பார்த்த அளவில் தெரிகிறது. எனவே மாறிலி உறுப்பு, வளைகோடு நிலைக்குத்து அச்சை வெட்டும் உயரத்தைக் காட்டுகிறது. ம² இன் கெழு மிகைக் குறி உடையது என்பதால் வளைகோடு மேல்நோக்கித் திறந்திருக்கும். குறைக் குறி உடையதாக இருந்தால் கீழ்நோக்கித் திறக்கும்.

காரணி வடிவத்தில் ம = 1, ம = 5 ஆகிய இடங்களில் மதிப்பு பூச்சியம் என்பது தெரிகிறது. வளைகோடு அவ்விரு இடங்களில் கிடை அச்சை வெட்டுகிறது.

முனை வடிவத்தில் வேறொரு செய்தி இருக்கிறது. (ம − 3)² ஒரு வர்க்கம். அது ஒருபோதும் பூச்சியத்துக்குக் கீழே போகாது. ம = 3 ஆகும்போது அது பூச்சியமாகிறது; அப்போது ப = −4. எனவே −4 தான் இக்கோவையின் மிகச் சிறிய மதிப்பு. (3, −4) என்ற புள்ளி பரவளையத்தின் முனை ஆகும். முனை வழியாகச் செல்லும் ம = 3 என்ற நிலைக்குத்துக் கோடு சமச்சீர் அச்சு. 3-இலிருந்து இடப்புறமும் வலப்புறமும் ஒரே தொலைவு நகர்ந்தால் மதிப்பு ஒன்றாகவே இருக்கும்.

1, 5 ஆகிய பூச்சியங்களுக்கு நடுவில் இருப்பது 3. இது தற்செயல் அன்று. சமச்சீர் அச்சு எப்போதும் இரு மூலங்களின் நடுவே செல்லும். ஆகவே காரணி வடிவம் தெரிந்தால், மூலங்களின் சராசரியைக் கண்டு முனையை உடனே பெறலாம்.

அட்டவணையும் வளைகோடும்

வரைபடம் வரைவதற்கு முன் மதிப்புகளின் அட்டவணை தயாரிக்கப்படும். மேற்கண்ட கோவைக்கு:

ம: −1, 0, 1, 2, 3, 4, 5, 6, 7
ப: 12, 5, 0, −3, −4, −3, 0, 5, 12

அட்டவணையில் பிழை இருக்கிறதா என்று அறிய இரு எளிய வழிகள் உண்டு. முதலாவது சமச்சீர்: முனையின் இருபுறமும் மதிப்புகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் அமைய வேண்டும். இரண்டாவது வித்தியாசம்: அடுத்தடுத்த ப மதிப்புகளின் வித்தியாசங்களை எழுதினால் −7, −5, −3, −1, 1, 3, 5, 7 என்று வருகின்றன. இவை ஒவ்வொன்றும் முந்தையதைவிட 2 கூடுதல். ம-ஐ ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு போகும் எந்த இருபடிக் கோவையின் அட்டவணையிலும் இந்த இரண்டாம் வித்தியாசம் மாறாமல் இருக்கும். அது ம² இன் கெழுவைப்போல் இரு மடங்கு. ஓரிடத்தில் அது மாறினால் அங்கே கணக்கீடு தவறியிருக்கிறது என்று பொருள்.

புள்ளிகளைக் குறித்த பின் அவற்றை அளவுகோலால் இணைக்கக் கூடாது. கையால் ஒழுகலான வளைகோடு வரைய வேண்டும். முனையானது இரு முழு எண்களுக்கு இடையில் வரும்போது இது மிக முக்கியம். ப = ம² − ம − 6 என்ற கோவைக்கு ம = 0 எனினும் ம = 1 எனினும் ப = −6 தான். இவ்விரு புள்ளிகளைப் பலர் கிடைக்கோட்டால் இணைத்துவிடுகின்றனர். வளைகோட்டின் அடி தட்டையாகிவிடுகிறது. உண்மையில் ம = 0.5 ஆகும்போது ப = −6.25. அப்புள்ளியையும் கண்டு குறித்தால் வளைவு சரியாக அமையும்.

வர்க்கப் பூர்த்தி

விரிந்த வடிவத்திலிருந்து முனை வடிவத்துக்குச் செல்லும் வழி வர்க்கப் பூர்த்தி எனப்படும். பெயருக்கேற்ப, குறையாக நிற்கும் ஒரு சதுரத்தை நிறைவு செய்வதே இம்முறை. 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி தம் நூலில் எடுத்துக்கொண்ட புகழ்பெற்ற கணக்கு இதை நன்கு விளக்கும்: ம² + 10ம = 39.

பக்கம் ம உடைய ஒரு சதுரத்தை வரைக. அதன் பரப்பு ம². மீதமுள்ள 10ம-ஐ இரு சம பாகமாக்கினால், ம நீளமும் 5 அகலமும் உள்ள இரு செவ்வகங்கள் கிடைக்கும். ஒன்றைச் சதுரத்தின் வலப்பக்கத்திலும் மற்றொன்றைக் கீழ்ப்பக்கத்திலும் ஒட்டுக. இப்போது பக்கம் (ம + 5) உள்ள பெரிய சதுரம் ஏறத்தாழ உருவாகிவிட்டது. ஒரு மூலை மட்டும் வெற்றிடமாக நிற்கிறது. அம்மூலை 5 × 5 = 25 பரப்புள்ளது. அதைச் சேர்த்தால் மொத்தப் பரப்பு 39 + 25 = 64. ஆகவே பெரிய சதுரத்தின் பக்கம் 8; ம = 3.

நடு உறுப்பின் கெழுவைப் பாதியாக்கி வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது என்பது இதிலிருந்து விளங்கும். பாதியாக்குவது இரு பக்கங்களில் ஒட்டுவதற்காக. வர்க்கப்படுத்துவது விடுபட்ட மூலைக்காக. பக்க நீளம் குறை எண்ணாக இருக்க முடியாது என்பதால் அல்-குவாரிஸ்மிக்குக் கிடைத்த விடை 3 மட்டுமே. இன்று (ம + 5)² = 64 என்பதிலிருந்து ம + 5 = 8 அல்லது ம + 5 = −8 என எழுதி, 3, −13 என இரு மூலங்களையும் பெறுகிறோம். ப = ம² + 10ம − 39 என்ற பரவளையம் கிடை அச்சை இவ்விரு இடங்களிலும் வெட்டுவதைக் காணலாம்.

சூத்திரமும் தன்மைகாட்டியும்

எண்களுக்குப் பதில் எழுத்துகளை வைத்து வர்க்கப் பூர்த்தி செய்தால் கிடைப்பதே இருபடிச் சூத்திரம். பொதுச் சமன்பாட்டை அ ம² + இ ம + உ = 0 என எழுதுவோம்; இங்கு அ பூச்சியம் அன்று. பின்னங்கள் வராமல் இருக்க, சமன்பாடு முழுவதையும் 4அ ஆல் பெருக்கி, இருபுறமும் இ² கூட்டலாம். இவ்வழி இந்தியக் கணித அறிஞர் ஸ்ரீதரரின் பெயரால் வழங்குகிறது. 12-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டாம் பாஸ்கரர் தம் பீஜகணிதத்தில் இதை அவருடையதாகவே குறிப்பிடுகிறார். அப்போது கிடைப்பது:

(2அ ம + இ)² = இ² − 4அஉ

இதிலிருந்து,

ம = [−இ ± √(இ² − 4அஉ)] ÷ 2அ

இச்சூத்திரத்தை இரு பகுதிகளாகப் படித்தால் அது வரைபடத்தையே பேசுகிறது என்பது தெரியும். −இ ÷ 2அ என்பது சமச்சீர் அச்சு இருக்கும் இடம். மற்றப் பகுதி, அந்த அச்சிலிருந்து ஒவ்வொரு மூலமும் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது. ± குறி, அத்தொலைவை இடப்புறமும் வலப்புறமும் அளக்கச் சொல்கிறது.

வர்க்கமூலத்துக்குள் இருக்கும் இ² − 4அஉ என்ற எண் தன்மைகாட்டி எனப்படும். அது மிகை எண்ணாக இருந்தால் வளைகோடு கிடை அச்சை இரு இடங்களில் வெட்டும். பூச்சியமானால் முனை அச்சைத் தொட்டு நிற்கும். இரு மூலங்களும் சமம். குறை எண்ணாக இருந்தால் வளைகோடு அச்சைத் தொடாது. மெய்யெண் மூலங்கள் இல்லை.

மூலங்களின் கூடுதல் −இ ÷ அ, பெருக்கற்பலன் உ ÷ அ என்ற உறவுகளும் இங்கிருந்தே வருகின்றன. விடைகளைச் சரிபார்க்க இவை விரைவான வழி. ம² − 6ம + 5-க்கு மூலங்கள் 1, 5. கூடுதல் 6, பெருக்கற்பலன் 5.

ஒரு வளைகோடு, பல சமன்பாடுகள்

ஒரு பரவளையத்தை ஒருமுறை வரைந்துவிட்டால், அதைக் கொண்டு வேறு பல சமன்பாடுகளையும் தீர்க்கலாம். ப = ம² − 6ம + 5 என்ற வரைபடம் நம்மிடம் உள்ளது. ம² − 7ம + 10 = 0 என்ற சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும் எனில், முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்க வேண்டும்:

(ம² − 6ம + 5) − (ம² − 7ம + 10) = ம − 5

எனவே ப = ம − 5 என்ற நேர்கோட்டை அதே தாளில் வரைந்தால் போதும். அது வளைகோட்டை (2, −3), (5, 0) ஆகிய புள்ளிகளில் வெட்டும். மூலங்கள் 2, 5. கழிப்பதற்கான காரணம் இதுதான்: புதிய சமன்பாட்டின் இடப்பக்கம், வளைகோட்டுக்கும் நேர்கோட்டுக்கும் இடையிலான உயர வேறுபாடு. இரண்டும் சந்திக்குமிடத்தில் அவ்வேறுபாடு பூச்சியம்.

நடு உறுப்பு மாறாமல் மாறிலி மட்டும் மாறினால் கிடைக்கோடு போதும். ம² − 6ம + 7 = 0-க்கு ப = −2 என்ற கோடு; அது வளைகோட்டை ஏறத்தாழ 1.6, 4.4 ஆகிய இடங்களில் வெட்டும். சூத்திரம் தரும் துல்லியமான மூலங்கள் 3 − √2, 3 + √2. ம² − 6ம + 9 = 0-க்கு ப = −4 என்ற கோடு; அது முனையைத் தொட்டுச் செல்லும். ம² − 6ம + 10 = 0-க்கு ப = −5 என்ற கோடு; அது வளைகோட்டைச் சந்திப்பதே இல்லை. இம்மூன்றின் தன்மைகாட்டிகள் முறையே 8, 0, −4. தன்மைகாட்டியின் மூன்று நிலைகளும் ஒரே படத்தில் அடங்கிவிடுகின்றன.

கயிறும் நிலமும்

முனை வடிவத்தின் பயன், மிகப் பெரியது எது, மிகச் சிறியது எது என்று கேட்கும் கணக்குகளில் வெளிப்படும். ஒரு நீண்ட சுவரை ஒரு பக்கமாகக் கொண்டு, மற்ற மூன்று பக்கங்களையும் 40 மீட்டர் கயிற்றால் அடைத்துச் செவ்வக வடிவில் ஓர் இடத்தைப் பிரிக்க வேண்டும். எப்படி அடைத்தால் பரப்பு மிகுதியாகக் கிடைக்கும்?

சுவருக்குச் செங்குத்தான பக்கம் ம மீட்டர் எனில், அத்தகைய பக்கங்கள் இரண்டு. சுவருக்கு இணையான பக்கம் 40 − 2ம. பரப்பு:

ப = ம(40 − 2ம) = 40ம − 2ம² = 200 − 2(ம − 10)²

200-இலிருந்து ஒரு வர்க்கத்தின் இரு மடங்கு கழிக்கப்படுகிறது. ஆகவே ப 200-ஐத் தாண்ட முடியாது; ம = 10 ஆகும்போது சரியாக 200 சதுர மீட்டர். அப்போது பக்கங்கள் 10 மீட்டர், 20 மீட்டர். சதுரமே மிகப் பெரிய பரப்பைத் தரும் என்று நினைப்பது இயல்பு. நான்கு பக்கமும் கயிறு கட்டினால் அது சரி. ஆனால் சுவர் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளும்போது நீளம் அகலத்தைப்போல் இரு மடங்காக வேண்டும்.

அதே கயிற்றால் 150 சதுர மீட்டர் மட்டும் அடைக்க வேண்டும் எனில் ம² − 20ம + 75 = 0. மூலங்கள் 5, 15. இரண்டும் பொருந்தும்: 5 மீட்டருக்கு 30 மீட்டர், அல்லது 15 மீட்டருக்கு 10 மீட்டர். 250 சதுர மீட்டர் வேண்டும் எனில் ம² − 20ம + 125 = 0. தன்மைகாட்டி 400 − 500 = −100. மெய்யெண் மூலம் இல்லை என்ற சொற்றொடருக்கு இங்கே நேரடியான பொருள் உண்டு: அக்கயிற்றால் அப்பரப்பை அடைக்க இயலாது. வரைபடத்தில் 250 என்ற உயரத்தில் செல்லும் கிடைக்கோடு, 200-இல் முனை கொண்ட பரவளையத்துக்கு மேலேயே போய்விடும்.

மேலெறிந்த கல்

தரையிலிருந்து வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நேர் மேலாக எறியப்பட்ட கல், ம வினாடி கழித்து ஏறத்தாழ 20ம − 5ம² மீட்டர் உயரத்தில் இருக்கும். இங்குப் புவியீர்ப்பு முடுக்கம் 10 என எளிமைக்காகக் கொள்ளப்பட்டது. காற்றின் தடை கணக்கில் இல்லை. காரணி வடிவம் 5ம(4 − ம). எனவே கல் 4 வினாடியில் தரைக்குத் திரும்பும். முனை வடிவம் 20 − 5(ம − 2)². எனவே 2-ஆம் வினாடியில் 20 மீட்டர் என்ற மிக உயர்ந்த இடத்தை அடையும்.

இங்கு ஒரு குழப்பம் நேர்வதுண்டு. இந்த வரைபடம் கல் சென்ற பாதை அன்று. கல் நேர் மேலே சென்று நேர் கீழே வந்தது. வரைபடம் காட்டுவது, நேரம் செல்லச் செல்ல உயரம் மாறிய விதம். சாய்வாக எறியப்பட்ட பொருளின் பாதையே பரவளையமாக அமையும் என்பதைக் கலிலியோ 1638-இல் வெளியான தம் நூலில் நிறுவினார். அதற்கு ஓராண்டு முன்பு, 1637-இல், தெக்கார்த்தே வெளியிட்ட வடிவியல் நூல் வளைகோடுகளைச் சமன்பாடுகளால் ஆராயும் முறைக்கு வழி வகுத்தது.

வழக்கமாக நேரும் பிழைகள்

(ம + 3)²-ஐ ம² + 9 என எழுதுதல். சதுரப் படத்தை நினைவில் கொண்டால், இரு பக்கங்களில் ஒட்டிய செவ்வகங்கள் விடுபட்டிருப்பது தெரியும். சரியான விரிவு ம² + 6ம + 9.

மாறியால் வகுத்தல். ம² = 5ம என்பதை ம ஆல் வகுத்து ம = 5 என்று முடித்தால், ம = 0 என்ற மூலம் தொலைந்துவிடும். ம(ம − 5) = 0 என எழுதினால் இரண்டும் கிடைக்கும்.

பூச்சியம் அல்லாத எண்ணுக்குக் காரணிகளைச் சமப்படுத்துதல். (ம − 2)(ம − 3) = 6 எனில், ம − 2 = 6 என்றோ ம − 3 = 6 என்றோ எழுதக் கூடாது. பெருக்கற்பலன் பூச்சியமானால் மட்டுமே காரணிகளில் ஒன்று பூச்சியம் என்று சொல்ல முடியும். 6-க்கு அத்தகைய உறுதி இல்லை. விரித்து எழுதினால் ம² − 5ம = 0; மூலங்கள் 0, 5.

முனையின் திசையை மாற்றிக் கொள்ளுதல். (ம − 3)² − 4 இன் முனை வலப்புறம் 3-இல் உள்ளது; −3-இல் அன்று. அடைப்புக்குள் இருப்பதைப் பூச்சியமாக்கும் எண் எது என்று கேட்டால் குழப்பம் வராது.

குறை எண்ணின் வர்க்கத்தில் தடுமாறுதல். −ம² இல் ம = −3 எனில் மதிப்பு −9; முதலில் வர்க்கம், பிறகு குறைக் குறி. அட்டவணையின் இடப்பக்கம் தவறாக அமைவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

சமன்பாட்டையும் வரைபடத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல். 2ம² − 8ம + 6 = 0 என்ற சமன்பாட்டை 2 ஆல் வகுத்து ம² − 4ம + 3 = 0 எனச் சுருக்கலாம்; மூலங்கள் 1, 3 மாறுவதில்லை. ஆனால் ப = 2ம² − 8ம + 6 என்ற வரைபடத்தை வரையச் சொன்னால் அவ்வாறு சுருக்கக் கூடாது. அதன் முனை (2, −2). சுருக்கியதன் முனை (2, −1). இரு வளைகோடுகளும் கிடை அச்சை ஒரே இடங்களில் வெட்டினாலும், முன்னது ஒடுக்கமானது, ஆழமானது.

எந்த வடிவம், எப்போது

கோவையின் மதிப்பு எங்கே பூச்சியம், பொருள் எப்போது தரையைத் தொடும் என்று கேட்டால் காரணி வடிவம் உதவும்; எளிதில் காரணிப்படாவிட்டால் சூத்திரம். மிக உயர்ந்தது, மிகத் தாழ்ந்தது, மிகுந்த பரப்பு என்று கேட்டால் முனை வடிவம். தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது, வளைகோடு எப்பக்கம் திறக்கிறது என்று கேட்டால் விரிந்த வடிவம். விடை ஏறத்தாழ எங்கே இருக்கும், விடையே உண்டா என்று அறிய வரைபடம். சூத்திரத்தால் கண்ட விடையை வரைபடத்தில் தேடிப் பார்ப்பதும், வரைபடத்தில் கண்டதைச் சமன்பாட்டில் பிரதியிட்டுப் பார்ப்பதும் தேர்வறையில் மாணவர் தாமே செய்துகொள்ளக்கூடிய சரிபார்ப்பாகும்.